சளி மாத்திரைக்குப் பயிற்சி உண்டு

மகளுக்குக் கால்பந்து ஷூ வாங்கப் போனேன். டாலஸ் நகரத்துக்கு வடக்கே, நம்மவர்கள் போட்டி போட்டு வீடு வாங்கும் புறநகர் ஒன்றில், நாலு கல்யாண மண்டபத்தை ஒட்டவைத்த மாதிரி ஒரு விளையாட்டுப் பொருள் கடை. வாசலில் சைக்கிள். அடுத்து கூடாரம். அடுத்து தூண்டில், புழு. அதற்கும் அடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள். பின்சுவரில் வரிசையாக ரைஃபிள்கள். ஷூ இருக்கும் பக்கம் போக இந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருபது, இருபத்தொரு வயதுப் பையன். போன மாதம் எனக்குக் கொசுவலை வைத்த கூடாரம் விற்றவன் இவன்தான். நல்ல பிள்ளை. கூடாரத்தை எப்படி மடிப்பது என்று மூன்று தடவை பொறுமையாகக் காட்டினான். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் சுவரில் இருந்த ஒரு ரைஃபிளைக் காட்டினார். பையன் எடுத்தான். எடுத்துத் திரும்பினான். துப்பாக்கியும் கூடவே திரும்பியது. குழல் முனை முதலில் என் வயிற்றைப் பார்த்தது. பிறகு என் மகளின் நெற்றியை. பிறகு தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்த யாருடையதோ கைக்குழந்தையை. கடைசியில் தூணில் பாடம் பண்ணி மாட்டியிருந்த மான் தலையை. எங்கள் நால்வரில் நிம்மதியாக இருந்தது மான் ஒன்றுதான். அதற்கு நடக்க வேண்டியது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

மகளை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினேன். பையன் கவனித்துவிட்டான். சிரித்தான்.

"பயப்படாதீங்க சார், காலித் துப்பாக்கிதான்."

காலித் துப்பாக்கி! யாராவது விழுந்த பிறகு வருகிற முதல் வாக்கியம் எப்போதும் இதுதான்: காலி என்றுதான் நினைத்தேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் ஆலனில், 2023 மே 6-ம் தேதி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைத்தெருவுக்குப் போனவர்களில் எட்டுப் பேர் சுடப்பட்டுத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து அப்பா அம்மாக்களுக்குக் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பது அனிச்சைச் செயலாகிவிட்டது.

துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்பது ஒன்றும் பரம ரகசியம் இல்லை. ஜெஃப் கூப்பர் என்ற பழைய மரீன் படை அதிகாரி போன நூற்றாண்டிலேயே நாலு விதியாகச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொள். அழிக்க மனமில்லாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே. சுடுவது எதை, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்துகொள். நாலே வரி. திருக்குறளில் இரண்டு குறள் மனப்பாடம் செய்கிற நேரம். துப்பாக்கிப் பிரியர்களே வேதமாக ஓதுகிற விதிகள் இவை. வேதத்தை ஓதுகிறார்கள்.

கடைக் கவுன்ட்டரிலும் இதற்கு ஒரு முறை இருக்கிறது. எடுத்த கையோடு குழலை ஆளில்லாத பக்கம் திருப்ப வேண்டும். மேகசினைக் கழற்ற வேண்டும். மேகசின் வெளியே வந்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்புகிறவர்தான் மறுநாள் பத்திரிகையில் வருகிறார். உள்ளே குழலின் அடியில் இருக்கும் அறையில் ஒரு தோட்டா சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்து நிறுத்தி, அந்த அறைக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். எதிரில் நிற்பவரிடம் காட்ட வேண்டும். திறந்தபடியே கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரும் மறுபடி பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கியை விற்க வருகிறவர்கள் தோட்டாவை எடுக்காமலே தூக்கிக்கொண்டு வருவதுண்டு. அதற்காகவே கவனமான கடைகளில் மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று வைத்திருப்பார்கள்; சோதிக்கும்போது குழல் மணலைப் பார்த்திருக்கும். மொத்தமும் பத்துப் பதினைந்து வினாடி வேலை. பூக்காரம்மா ஒரு முழம் அளந்து கிள்ளிக் கொடுக்கும் நேரம். ஆயுத பூஜை அன்று நம் ஊர் லேத் பட்டறையில் ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிறவர் காட்டும் பயபக்தியில் பாதி போதும்.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்குக் கட்டாயம்? வீட்டுக்கு வந்து தேடினேன். விடை சுருக்கமானது. யாருக்கும் இல்லை.

அமெரிக்க மத்தியச் சட்டத்தில் துப்பாக்கி விற்கும் ஊழியருக்குத் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி கட்டாயம் இல்லை. ஒரு மணி நேரம் இல்லை. ஒரு வீடியோ இல்லை. நேற்று புழு விற்றவர் இன்று ரைஃபிள் விற்கலாம், கையைக் கழுவினால் போதும். சில பெரிய நிறுவனங்கள் தாமாகவே பயிற்சி தருகின்றன. தரட்டும், நல்லது. இல்லினாய் போன்ற சில மாநிலங்கள் விற்பனை ஊழியருக்கு ஏதாவதொரு பயிற்சி வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கின்றன. இல்லினாய் கேட்பது ஆண்டுக்கு இரண்டு மணி நேரம். ஒரு ரஜினி படத்தைவிடக் குறைவு. டெக்சாஸுக்கு அந்த இரண்டு மணி நேரமும் அதிகம்.

டெக்சாஸ் பயிற்சிக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே சலூனில் முடி வெட்ட 1,000 மணி நேரம் படித்துப் பரீட்சையில் தேற வேண்டும். நியாயம்தான். கையில் கத்தரி, எதிரில் மனிதத் தலை. கையில் துப்பாக்கி, எதிரில் மனிதத் தலை என்றால் படிப்பு வேண்டாம். ஹோட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தவர் முப்பது நாளுக்குள் உணவு கையாளும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். தவறினால் யாருக்காவது வயிற்றால் போகும் என்று அரசாங்கத்துக்குக் கவலை. மான் சுடப் போகிறவர் 1971 செப்டம்பர் 2-லோ அதற்குப் பிறகோ பிறந்தவரானால் வேட்டைக் கல்வி முடித்திருக்க வேண்டும். காட்டுக்குள் சுடுகிறவருக்குப் பாடம் உண்டு. கடைக்குள் நீட்டுகிறவருக்கு இல்லை. வாத்து சுடுவதற்கு மத்திய அரசே கணக்கு வைத்திருக்கிறது. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் நிற்கக் கூடாது. வாத்து இனம் அழிந்துவிடக் கூடாதல்லவா? மனித இனத்துக்கு அப்படியோர் ஆபத்து இருப்பதாக இதுவரை தகவல் இல்லை.

கட்டணத்தையும் பாருங்கள். டெக்சாஸ்வாசி ஒருவர் ஏரியில் தூண்டில் போட வருடத்துக்கு 30 டாலர் லைசென்ஸ். துப்பாக்கிக் கடை வைக்க மத்திய லைசென்ஸ் முதல் மூன்று வருடத்துக்கு 200 டாலர். அதற்குப் பிறகு புதுப்பிக்க மூன்று வருடத்துக்கு 90. வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 30. கெளுத்தி பிடிப்பதும் ரைஃபிள் விற்பதும் அரசாங்கக் கணக்கில் ஒரே எடை.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரின் மாத்திரை என்று ஒன்று உண்டு. அதிலிருந்து போதை மருந்து காய்ச்சுகிறார்கள் என்று 2006 மார்ச்சில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தால் மாத்திரை கவுன்ட்டருக்குப் பின்னால் போய்விட்டது. வாங்குகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் கிடையாது. முக்கியமாக, அதை விற்கும் ஊழியருக்குப் பயிற்சி கட்டாயம். பயிற்சி கொடுத்துவிட்டேன் என்று கடை மத்திய அரசுக்கு எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும்.

சபாஷ். இதே புஷ், இதற்கு முந்தைய ஐந்து மாதத்துக்குள், 2005 அக்டோபரில் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். விற்ற துப்பாக்கியை வாங்கியவர் தவறாகப் பயன்படுத்தினால் தயாரித்தவர் மீதும் விற்றவர் மீதும் வழக்குப் போட முடியாதபடி கவசம் மாட்டிய சட்டம். விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றின் வழியே நுழைய நல்ல வக்கீலும் நீண்ட ஆயுளும் வேண்டும். ஒரே பேனாவாக இருந்திருக்காது என்று நம்புவோம். ஒரே கைதான்.

ஆக, ஒரு நாளைக்கு இத்தனை கிராம் சளி மாத்திரைதான் என்று சட்டம் எண்ணித் தருகிறது. ஒரு நாளைக்கு எத்தனை ரைஃபிள் வாங்கலாம் என்பதற்கு மத்தியச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. ஜலதோஷம் பிடித்த அமெரிக்கனை அரசாங்கம் சந்தேகப்படுகிறது. ஆரோக்கியமானவனை முழுதாக நம்புகிறது.

பொம்மைத் துப்பாக்கிக்கும் விதி இருக்கிறது. குழல் முனையில் ஆரஞ்சு நிறம் கட்டாயம். 1988-லேயே நாடாளுமன்றம் கூடி முடிவு செய்துவிட்டது. பொம்மையின் கூர் முனை, பெயின்ட்டில் உள்ள ஈயம், குழந்தை தொண்டையில் சிக்கக்கூடிய திருகாணி, எல்லாவற்றையும் பார்க்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. நிஜத் துப்பாக்கி பக்கம் மட்டும் அந்த ஆணையம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. 1972-ல் ஆணையத்தை உருவாக்கிய சட்டமே அப்படி எழுதப்பட்டது. பொம்மை நிஜம் போல் தோன்றக் கூடாது. நிஜத்தைப் பொம்மை போல் வீசலாம்.

இப்படிப் பயிற்சியில்லாத ஒரு பிள்ளையின் தலையில்தான் நாட்டின் கடைசிப் பாதுகாப்பு அரணை ஏற்றி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் 4473 என்ற ஃபாரத்தை நிரப்ப வேண்டும். நீங்கள் தேடப்படும் தலைமறைவுக் குற்றவாளியா என்று அதில் ஒரு கேள்வி. ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம். சிரிக்காதீர்கள், தலைமறைவானவருக்கும் மனசாட்சி இருக்கலாம். பிறகு எஃப்.பி.ஐ.யின் கணினியைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். வராவிட்டால்? மூன்று வேலை நாள் காத்திருந்து, கடைக்காரர் விருப்பப்பட்டால் கொடுத்துவிடலாம். மௌனம் சம்மதம் என்பது நம் ஊரில் பெண் பார்க்கும் படலத்துக்கு ஆன சட்டம். இங்கே துப்பாக்கிக்கு. 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் பைபிள் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி இப்படித்தான் கிடைத்தது. மறுக்கப்பட வேண்டியவன், மறுக்க வேண்டிய பதில் மூன்று நாளில் வரவில்லை.

கவுன்ட்டரில் நிற்பவரின் கண்ணும் மூக்கும்கூட ஒரு பாதுகாப்புதான். ஃபுளோரிடாவில் 1987-ல் ஒரு கேமார்ட் கடைக்கு ஒருவர் வந்தார். மூக்குமுட்டக் குடித்திருந்தார். ரைஃபிள் கேட்டார். ஃபாரத்தில் அவர் எழுதியது யாருக்கும் புரியவில்லை. எழுதக்கூட முடியாத நிலையில் இருப்பவருக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டிருக்கலாம். ஊழியர் கேட்கவில்லை. உதவி செய்தார். அவரே ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தார். வாடிக்கையாளர் சேவை என்றால் அப்படி. வாங்கியவர் போய்த் தன் முன்னாள் காதலியைச் சுட்டார். அந்தப் பெண் கழுத்துக்குக் கீழே அசைய முடியாமல் கிடந்தார். ஜூரி 1.2 கோடி டாலர் நஷ்ட ஈடு என்றது. மேல் நீதிமன்றம் இல்லை என்றது. குடிபோதையில் இருப்பவரிடம் துப்பாக்கியைக் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1997 ஆகிவிட்டது. பத்து வருடம் யோசித்துக் கண்டுபிடித்த உண்மை. நம் ஊர் டீக்கடை பெஞ்சில் பத்து வினாடி ஆகியிருக்கும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரி 8, டூசான் நகரம். ஓர் ஆள் காலையில் வால்மார்ட்டுக்குத் தோட்டா வாங்க வந்தான். நடவடிக்கை சரியில்லை என்று கவுன்ட்டரில் இருந்தவருக்குப் பட்டது. கொடுக்கவில்லை. எந்தக் கணினியும் சொல்லவில்லை; எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மனிதர் மனிதரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவருக்கு என் நமஸ்காரம். அந்த ஆள் என்ன செய்தான்? அதே நிறுவனத்தின் வேறொரு கடைக்குப் போனான். கிடைத்தது. சில மணி நேரத்தில் ஆறு பேர் செத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் தலையில் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்தார். துப்பாக்கி? அதை முன்பே, முறைப்படி, ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிவிட்டிருந்தான்.

விளையாட்டுப் பொருள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏ.ஆர்-15 என்ற துப்பாக்கியை நாமெல்லாம் தாக்குதல் ரைஃபிள் என்போம். துப்பாக்கித் தொழில் சங்கம் அதை "நவீன விளையாட்டு ரைஃபிள்" என்று அழைக்கச் சொல்கிறது. சுடுகாட்டுக்கு "நவீன ஓய்வுப் பூங்கா" என்று போர்டு மாட்டியது போல. அந்தச் சங்கத்தின் தலைமையகம் வெகுகாலம் இருந்தது கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில். 2012 டிசம்பர் 14-ம் தேதி சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட அதே நியூடவுன். பயன்பட்டது அந்த விளையாட்டுப் பொருளின் வகைதான். குழந்தைகளுக்கு ஆறு வயது, ஏழு வயது.

அதன் பிறகு கடைகள் அடைந்த துக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிக்ஸ் என்ற பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனம் தன் கடைகளில் அந்த வகை ரைஃபிள் விற்பனையை நிறுத்தியது. ஊரே கைதட்டியது. அடுத்த வருடம் அதே நிறுவனம் ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம் என்ற வேறு பெயரில் கடை திறந்தது. அங்கே அந்த ரைஃபிள் கிடைத்தது. தெருமுனைக் கடையில் சாராயத்தை நிறுத்திவிட்டு மச்சான் பெயரில் அடுத்த தெருவில் திறப்பதை நாம் பார்த்ததில்லையா? 2018-ல் ஃபுளோரிடாவின் பார்க்லாந்து பள்ளிக்கூடத்தில் பதினேழு பேர் செத்தார்கள். சுட்டவன் அதற்கு முந்தைய நவம்பரில் டிக்ஸில் ஒரு ஷாட்கன் வாங்கியிருந்தான். கொலைக்குப் பயன்பட்டது அதுவல்ல. ஆனாலும் முதலாளி எட்வர்டு ஸ்டாக்குக்கு உறைத்தது. மச்சான் கடையிலும் நிறுத்தினார். கையிருப்பில் இருந்த ஐம்பது லட்சம் டாலர் மதிப்புள்ள ரைஃபிள்களைத் திருப்பி அனுப்பாமல், வேறு யாருக்கும் விற்காமல், உடைத்துப் பழைய இரும்பாக்கினார். தாமதம்தான். ஆனால் இந்தக் கதையில் சொந்தப் பணத்தை இழந்த ஒரே முதலாளி அவர். அதைச் சொல்லாமல் போனால் எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமில்லை.

வால்மார்ட்டின் துக்கம் வேறு வகை. 2019 ஆகஸ்டில் டெக்சாஸ் எல் பாசோவில் அவர்கள் கடைக்குள்ளேயே ஒருவன் புகுந்து சுட்டான். இருபத்துமூன்று உயிர். நிறுவனம் உடனே ஊழியர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. வன்முறையைக் காட்டும் வீடியோ கேம் விளம்பரங்களையும் திரைக் காட்சிகளையும் அகற்றுங்கள். அகற்றினார்கள். துப்பாக்கி அலமாரி அதே இடத்தில் நின்றது. திரையில் சுடும் பொம்மை மனிதனுக்கு வெளியேற்றம். சுடும் கருவிக்குப் பூட்டுப் போட்ட கண்ணாடி, நல்ல வெளிச்சம், விலைச் சீட்டு. நாடே சிரித்த பிறகு, ஒரு மாதம் கழித்து, கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சிரிப்புக்கு இருக்கும் சக்தி சவப்பெட்டிக்கு இல்லை போலிருக்கிறது.

கடைக்குள் இருப்பதைப் பத்திரமாக வைப்பதாவது நடக்கிறதா? வாஷிங்டன் மாநிலம் டகோமாவில் புல்ஸ் ஐ என்று ஒரு துப்பாக்கிக் கடை. 2002 அக்டோபரில் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றி மூன்று வாரம் ஒளிந்திருந்து சுட்டுப் பத்துப் பேரைக் கொன்றார்களே, அந்த ரைஃபிள் இந்தக் கடையுடையது. எப்படி வெளியே போனது? கடைக்குத் தெரியாது. காணவில்லை என்பதே பிறகுதான் தெரியும். பதினேழு வயதுப் பையன் ஒருவன் நைசாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்றார்கள். கிட்டத்தட்ட மூன்றடி நீள ரைஃபிள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே மறைக்கச் சோறுகூடத் தேவைப்படவில்லை. கணக்கெடுத்ததில் மூன்று வருடத்தில் 238 துப்பாக்கிகளுக்குக் கணக்கில்லை. லைசென்ஸ் ரத்தானது. கடை? உரிமையாளரின் நண்பர் கைக்கு மாறித் தொடர்ந்தது.

இதிலிருந்து அரசாங்கம் பாடம் கற்றது. தலைகீழாக. ஆண்டுக்கு ஒரு முறை சரக்கை எண்ணிப் பார் என்று துப்பாக்கிக் கடைகளை மத்திய அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்று பட்ஜெட்டோடு ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். அண்ணாச்சி கடையில் வருடக் கடைசியில் துவரம்பருப்பு மூட்டையை எண்ணுவார்கள். சோப்பை எண்ணுவார்கள். ஊறுகாய் பாட்டிலை எண்ணுவார்கள். துப்பாக்கியை எண்ணச் சொன்னால் அது வியாபாரிக்குத் தொந்தரவு. ராத்திரி கடை சாத்தும்போது துப்பாக்கிகளை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு என்று சொல்லவும் மத்தியச் சட்டம் கிடையாது. அதிகாரிகள் வழக்கமான சோதனைக்கு வருவதானாலும் வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வரக் கூடாது. அது 1986-ம் வருடச் சட்டம். மாமியார் வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிற கணக்கு.

பயிற்சி எதற்கு, நாங்கள் பிறவியிலேயே பொறுப்பானவர்கள் என்று மார்தட்டுகிறவர்களுக்காக ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. 2013 ஜனவரி 19. சாண்டி ஹூக் நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று "துப்பாக்கிப் பாராட்டு நாள்" கொண்டாடினார்கள். பொறுப்பானவர்கள் நாடெங்கும் கண்காட்சிகளில் கூடினார்கள். வட கரோலினாவில் ஒருவர் சோதனை மேஜையில் காட்டுவதற்காக உறையின் ஜிப்பைத் திறந்தார். ஷாட்கன் வெடித்தது. மூன்று பேருக்குக் காயம். ஒஹாயோவில் ஒரு வியாபாரி அப்போதுதான் வாங்கிய துப்பாக்கியைச் சரிபார்த்தார். வெடித்தது. பக்கத்தில் இருந்த நண்பருக்குக் காயம். இண்டியானாபொலிஸில் ஒருவர் வெளியே வந்து தோட்டா நிரப்பினார். வெடித்தது. தன் கையிலேயே. பாராட்டு விழாவில் ஐந்து பேருக்கு ரத்தப் பொன்னாடை.

பயிற்சி பெற்றவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2004-ல் ஆர்லாண்டோவில் போதை ஒழிப்புத் துறை ஏஜென்ட் ஒருவர், பிள்ளைகளும் பெற்றோரும் உட்கார்ந்திருந்த அறையில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பற்றிப் பாடம் எடுத்தார். இந்த அறையில் இதைக் கையாளத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான் என்றார். சொல்லி வாய் மூடவில்லை. தன் காலிலேயே சுட்டுக்கொண்டார். வீடியோ உலகம் சுற்றியது. அவர் வழக்குப் போட்டார். துப்பாக்கி மீதல்ல, வீடியோவைக் கசியவிட்டார்கள் என்று அரசாங்கத்தின் மீது. வருடக்கணக்காகப் பயிற்சி பெற்றவருக்கே ஒரு நொடி கவனம் பிசகினால் இந்தக் கதி. பயிற்சியே இல்லாமல் ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் எடுத்து நீட்டுகிறவர் எத்தனை நொடி கவனமாக இருப்பார்? மணிக்கணக்குச் சம்பளம். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி.

இவர்களுக்குப் பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் லாஸ் வேகஸில் ஷாட் ஷோ என்று ஒரு கண்காட்சி. அதே தொழில் சங்கம் நடத்துவது. துப்பாக்கி தயாரிப்பவர், விற்பவர், மொத்த வியாபாரி, எல்லாரும் கூடுவார்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வருகிற அத்தனை பேரும் தொழில்காரர்கள். துப்பாக்கியோடு பிறந்து துப்பாக்கியோடு வளர்ந்தவர்கள். மனிதரைக் கொல்வது துப்பாக்கி அல்ல, மனிதர்தான் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டிருப்பவர்கள். அந்த மண்டபத்துக்குள் என்ன விதி தெரியுமா? காட்சிக்கு வைத்த ஒவ்வொரு துப்பாக்கியிலும் சுடும் ஊசியைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றியதை ஆள் வைத்துச் சோதிப்பார்கள். சொந்தத் துப்பாக்கியோ தோட்டாவோ யாரும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

படித்தீர்களா? மறுபடி படியுங்கள். நாட்டிலேயே துப்பாக்கி பற்றி அதிகம் தெரிந்தவர்கள் ஒரே கூரைக்குக் கீழே கூடும்போது, ஒருவர் கையில் இருப்பது சுடும் என்றால் மற்றவர் உள்ளே வர மாட்டார். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. நம்பாதது சரிதான். முதலாளி நிற்கும் மண்டபத்தில் ஊசி இருக்காது. என் மகள் நிற்கும் கடையில் ஊசி இருக்கும்.

தேசிய ரைஃபிள் சங்கத்தின் மாநாடும் இப்படித்தான். நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவன் பயப்படுவான் என்பது அவர்கள் மூலமந்திரம். 2022 மே மாதம் யூவால்டி பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் செத்து மூன்றாம் நாள், அதே டெக்சாஸின் ஹூஸ்டனில் மாநாடு. டிரம்ப் பேசினார். அவர் பேசிய அரங்கத்துக்குள் துப்பாக்கி கொண்டுவரத் தடை. சீக்ரெட் சர்வீஸ் பாதுகாப்புப் படையின் உத்தரவு, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். வாசலில் வரிசையாக நின்று, உள்ளே போன அத்தனை பேரும் நல்லவர்கள். வெறுங்கை நல்லவர்கள்.

தலைவருக்கு ஒரு விதி. தொழிலதிபருக்கு ஒரு விதி. வாத்துக்கு ஒரு விதி. மூக்கடைப்புக்கு ஒரு விதி.

அன்றைக்குக் கடையில் ஷூ எடுத்துக்கொண்டு பில் போட வந்தோம். கல்லாவில் நடுத்தர வயது அம்மா ஒருவர். கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. நான் அட்டைப்பெட்டியை நீட்டினேன். அவர் ஸ்கேன் செய்யவில்லை. முதலில் பெட்டியின் மூடியைத் திறந்தார். மெல்லிய காகிதத்தை விலக்கினார். இடது ஷூவை எடுத்து நாக்கைத் தூக்கி உள்ளே அளவைப் பார்த்தார். வலது ஷூவையும் எடுத்துப் பார்த்தார். இரண்டையும் என் மகளுக்குக் காட்டினார். உள்ளே விரலை விட்டு முன்பக்கம்வரை ஒரு தடவை தடவினார். காகித உருண்டை தங்கியிருக்குமாம்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "பரவாயில்லைங்க, நாங்க பார்த்துட்டோம்" என்றேன்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார், நிமிராமல். "திறந்து உள்ளே பார்க்காம எதையும் கையில கொடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ட்ரெயினிங்."